கஸ்பார் மாமா பிடிச்ச பலூன்

"ஏட்டி ரெக்சலின், எனக்கு மட்டும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்குற?"

கஸ்பாருக்கு அம்பத்திரெண்டு வயசு. தூத்துக்குடியில முப்பது வருஷம் மூச்சடக்கிச் சங்கு குளிச்ச ஆளு. ஒரே மூச்சுல ஏழு சங்கு எடுத்தவரு. பக்கத்துல நாலு பேர் இருந்தா அது ஒம்பதாயிரும்.

இப்பச் சிலிண்டர் கட்டிக் குளிக்கப் படிக்காரு. வாத்தியார் யாருங்கீக? அக்கா மவ ரெக்சலின்தான். தொட்டில்ல கெடந்தப்ப இவரு பாடுனாத்தான் ஒறங்குவா. குரல் என்னமோ மீன்பிடி போட் எஞ்சின் மாதிரி.

நாளைக்குப் பவளப்பாறை நடப் போற போட்டுல அவருக்கு இடமிருக்கு. பயிற்சி முடிச்ச சர்டிபிகேட்டுல இவ கையெழுத்துப் போட்டாத்தான்.

"மேல வரும்போது மூச்ச அடக்குதீங்க மாமா."

"பின்ன? கடலுக்குள்ள எவன்டி மூச்ச விடுவான்? அடக்குன மூச்சுலதான் உங்கம்மாவுக்கே நகை போட்டேன்."

"தெரியும் மாமா."

"அப்புறம் என்ன?"

அவ பைக்குள்ள கைய விட்டு ஒரு செவப்பு பலூன எடுத்தா. கஸ்பார் பேத்தி ஞானஸ்நானத்துல மிஞ்சுனது. அன்னிக்கு பேக்கரிக்காரன் கேக்குல பிள்ள பேரத் தப்பா எழுதிட்டான். கஸ்பார் பொஞ்சாதி செலின் அந்தப் பேர வழிச்செடுத்த பெறவுதான் வெட்டவே விட்டா. அது கெடக்கட்டும்.

ரெண்டு பேரும் இறங்குனாக. பத்து மீட்டர் ஆழம்.

சிலிண்டர் காத்த பலூனுக்குள்ள அடைச்சு, முடிச்சுப் போட்டு, மாமா கையில குடுத்தா. மேல போவோம்னு கட்டவிரலக் காட்டுனா.

அவரு மூச்ச அடக்கும்போதெல்லாம் வயித்துல ஒரு குத்து விட்டா. வேற வழி? குமிழி விட்டுக்கிட்டே வந்தாரு.

பலூன் பெருத்துச்சு.

யாரும் ஊதல. மேல வர வர தண்ணி அழுத்தம் கொறஞ்சு உள்ள இருந்த காத்துதான் விரிஞ்சுச்சு. தேங்கா அளவுல இருந்தது பூசணிக்கா மாதிரி ஆயிட்டு. கஸ்பார் அதப் பச்சப்பிள்ளையக் கணக்கா ரெண்டு கையாலயும் பிடிச்சாரு.

பட்டுன்னு வெடிச்சிட்டு.

தண்ணிக்கு மேல தலைய நீட்டுனப்ப கையில ஒரு செவப்புக் கிழிசல்தான் மிச்சம்.

ரெக்சலின் அவரு நெஞ்சுல உள்ளங்கைய வச்சா.

"செலின் அத்தைட்ட நான் என்னன்னு மாமா சொல்லுவேன்?"

கிழிசல விரல்ல மோதிரமாச் சுத்திக்கிட்டாரு. திரும்ப இறங்குனாரு. அவளும் கூடவே போனா.

இந்தத் தடவ அவளுக்குக் குத்த வேண்டியே வரல.

சிலிண்டர் குழாய் ரப்பரக் கடிச்ச வாயோட, மேல வார வழி பூரா, கஸ்பார் பாடிக்கிட்டே வந்தாரு. அதே எஞ்சின் குரல். ஆராரோ. குமிழி குமிழியா.