நாரையம்மா நடத்திய காப்பகம்

மலையடிவாரத்துக் காட்டாற்றில் மின்னி என்றொரு நீர்நாய் இருந்தாள். அவள் புருஷன் சுழியன். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் துறுதுறு, இளையவன் பொட்டு.

மழை பொய்த்துப்போய், ஆறு மடுமடுவாகத் துண்டுபட்டுக் கிடந்தது. மடுவுக்கு ஒரு குடும்பமாக நீர்நாய்கள் பிரிந்துவிட்டன. பிரிந்த கையோடு ஒவ்வொரு குடும்பமும் தன் எல்லைப் பாறையில் வாடையைப் பூசி வைத்தது. "இது எங்க மடு, தாண்டாதே!" என்று அதற்கு அர்த்தம். அந்தப் பாறையை யாரும் தாண்ட மாட்டார்கள்.

"நான் பிறந்தப்போ இந்த ஆறு எப்படி இருந்துச்சு தெரியுமாங்க?" என்று மின்னி அடிக்கடி பெருமூச்சு விடுவாள். "அக்கரை கண்ணுக்கே தெரியாது!"

"பழசைப் பேசினா வயிறு ரொம்புமா? வா, மீனுக்குப் போகலாம்!" என்பான் சுழியன்.

அங்கேதான் சிக்கல். ஒருவர் விரட்ட, ஒருவர் மறித்தால்தான் மீன் சிக்கும். இரண்டு பேரும் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

மின்னி முதலில் ஆமையிடம் கேட்டாள்.

"நானா? முட்டையை மண்ணுல புதைச்சுட்டு வந்துருவேன். என் பிள்ளைங்க மூஞ்சியையே நான் பார்த்ததில்ல. உனக்காக வேணும்னா பார்க்கறேன்!" என்றது ஆமை.

மின்னி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மந்தியிடம் போனாள்.

"உன் பிள்ளைங்க மரம் ஏறுமா?" என்றது மந்தி.

"ஏறாதுக்கா."

"என் வயித்தைப் பிடிச்சுத் தொங்குமா?"

"தொங்காதுக்கா."

"பின்ன என்னடி பிள்ளைங்க அதுங்க!"

மின்னி சோர்ந்துபோய்த் திரும்பி வந்தாள். அப்போது கரையோரம் நின்ற நாரையம்மா தானாகவே கூப்பிட்டாள்.

"ஏன் மின்னி அலையிற? நான் நாள் பூரா இங்கதானே நிக்கிறேன்! பிள்ளைங்களை என்கிட்ட விட்டுட்டுப் போ. எனக்கு ஒண்ணும் தர வேணாம்!"

மின்னிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா!

அன்று மாலை மீனோடு வந்து பார்த்தால், துறுதுறுவும் பொட்டுவும் வரிசையாக, அசையாமல் நின்றன. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"அடேயப்பா! இந்த வாலுங்களை எப்படிம்மா இப்படி மாத்தினீங்க?"

"எல்லாம் பழக்கம்தான். இங்க சத்தம் கூடாது, ஓட்டம் கூடாது. ஒத்தைக் கால்ல நிக்கவும் சொல்லிக்குடுக்கப் போறேன்!"

மின்னிக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் கண்ட தவளைக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

சில நாள் போயின. பொட்டுவுக்கு நீச்சல் பழக்கும் பருவம் வந்தது. மின்னி அவனை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோனாள். பொட்டு மணலை நகத்தால் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்மா," என்று கிசுகிசுத்தான்.

"ஏண்டா கண்ணு, ரகசியம் பேசுற?"

"சத்தமாப் பேசினா தண்ணிக்குள்ள இருக்கிற முதலைக்குக் கேட்டுரும். நாரையம்மா சொன்னாங்க."

அந்த மடுவில் முதலையே கிடையாது. தண்ணீரைக் கண்டு நடுங்கும் நீர்நாய் எதைத் தின்று உயிர் வாழும்? நாளைக்கு இவன் பட்டினி கிடந்தல்லவா சாவான்!

மறுநாளும் ஒன்றும் தெரியாததுபோலப் பிள்ளைகளை நாரையம்மாவிடம் விட்டுப் போனவள், வேட்டையைப் பாதியில் விட்டுவிட்டு, கோரைப்புல்லுக்குள் பதுங்கி வந்து பார்த்தாள். நாரையம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. கண் முழுக்கத் தண்ணீர் மேல்தான். துறுதுறு லேசாகத் தும்மினாள். அவ்வளவுதான்!

"உஷ்! முதலை வருது!" என்று சீறிவிட்டு, நாரையம்மா லபக்கென்று ஒரு கெண்டையைக் கொத்தினாள்.

மின்னி புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன மின்னி, வர்றதைச் சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று நாரையம்மா தடுமாறினாள்.

"என் பிள்ளைங்களைப் பார்க்க நான் உன்கிட்ட சொல்லிட்டு வரணுமா? எதுக்கு இதுங்களைப் பயமுறுத்தின?"

"பின்ன? இதுங்க போடுற கூச்சல்ல எனக்கு ஒரு மீனாவது சிக்குமா? இதுங்களை அடக்கத்தானே என்கிட்ட விடச் சொன்னேன்! எனக்கும் வயிறு இருக்கில்ல!"

பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மின்னி நடந்தாள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பிள்ளைகள் அடங்கிக் கிடந்ததைப் பார்த்து மகிழ்ந்துபோனோமே! அவள் குட்டியாக இருந்தபோது அந்தக் கரை எப்படி இருந்தது? பெரியவர்கள் மீனுக்குப் போனால், முறை வைத்து யாராவது ஒரு சின்னம்மா கூட இருப்பாள். குட்டிகள் அவள் முதுகில் ஏறிச் சறுக்கும், காதைக் கடிக்கும், ஊரே அதிரக் கத்தும். "கத்துங்கடி கத்துங்க! அப்பத்தான் நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியும்!" என்று சின்னம்மா சிரிப்பாள். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று!

அப்படியே எல்லைப் பாறைக்குப் போய் நின்றாள். பக்கத்து மடுவின் மீசைக்காரி மயிர் சிலிர்க்கப் பாய்ந்து வந்தாள்.

"எதுக்குடி வந்த?"

"தாண்ட மாட்டேன்க்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மீனுக்குப் போறப்போ உங்க பிள்ளைங்களை யார் பார்த்துக்கறாங்க?"

மீசைக்காரியின் சிலிர்ப்பு அடங்கியது. "யாரு இருக்கா? வளைக்குள்ள விட்டு, வாசலைக் கல்லால அடைச்சுட்டுப் போறேன். வேட்டையில மனசே நிக்கல."

"நாம முறை வச்சுக்கலாமாக்கா? ஒருத்தர் பிள்ளைங்களோட இருப்போம், மத்தவங்க மீனுக்குப் போவோம்."

"அடிப்பாவி! இதைக் கேக்கத்தானே நானும் இந்தப் பாறை வரைக்கும் வந்து வந்து திரும்பினேன்! வாடையைப் பார்த்தா கால் நகரல!"

இருவரும் வாலால் தண்ணீரை அடித்து அடித்துப் பாறையைக் கழுவினார்கள்.

முதல் முறை மின்னியுடையது. மீசைக்காரியின் குட்டிகள் தொபுக்கட்டீர் என்று தண்ணீரில் விழுந்தன. துறுதுறு கொஞ்சம் தயங்கிவிட்டுப் பின்னாலேயே குதித்தாள். பொட்டு மட்டும் கரையில் சுருண்டு கிடந்தான். பிடித்துத் தள்ளிவிடலாமா என்று மின்னிக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

மீசைக்காரியின் கடைக்குட்டி கரையோரம் வந்தாள். "டேய், முதலையெல்லாம் இங்க இல்லடா! என் வாலைப் பிடிச்சுக்கோ!"

பொட்டு அம்மாவைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாலைக் கவ்வினான். தண்ணீருக்குள் போனான். காணவில்லை! மின்னிக்கு உயிரே இல்லை.

பொட்டு மூக்கை நீட்டி மேலே வந்தான். ஒரு தும்மல் போட்டான். பிறகு, "அம்மா! நான் மிதக்கிறேன்!" என்று மடுவே அதிரும்படி கத்தினான்.

மின்னி வாய்விட்டு அழுதாள், சிரித்தாள், தானும் குதித்தாள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள், அந்த ஆளுக்கு அதில் என்ன ஆதாயம் என்பதையும், வீடு திரும்பும் பிள்ளையின் முகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.