மிஞ்ச முடியாத போர்டு

தென்காசி பஜாரில் சோபாக் கடை வைத்திருந்த பொன்னுலிங்கம் அண்ணாச்சி, 'ஹ்யூமங்கஸ் தள்ளுபடி' என்று போர்டு வைத்தார். மறுநாளே எதிர்க்கடையில் 'ஜைனார்மஸ் தள்ளுபடி' முளைத்தது. இரண்டுமே 'மிகப் பெரிய' என்பதற்கு இங்கிலீஷ்காரர்கள் விளையாட்டாகச் சொல்லும் வார்த்தைகள்.

போர்டு எழுதும் ஜெசிந்தாவை அண்ணாச்சி கூப்பிட்டார். "எதிர்க்கடைக்காரன் எந்தக் காலத்துலயும் மிஞ்ச முடியாத வார்த்தையா எழுதணும். மிஞ்சிட்டான்னா நீ இந்தக் கடைப் பக்கமே வரக்கூடாது."

"என்ன வார்த்தைன்னு சொல்லுங்க, அண்ணாச்சி."

"அது உன் பாடு" என்று அண்ணாச்சி ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார்.

ஜெசிந்தா ஏணியில் ஏறினாள். என்ன எழுதப்போகிறாளோ என்று பஜாரே அண்ணாந்து நின்றது. 'எதிர்க்கடை போர்டில் இருப்பதைவிடப் பெரிய தள்ளுபடி' என்று எழுதிவிட்டு இறங்கினாள்.

"இங்கிலீஷ் எங்கே?" என்றார் அண்ணாச்சி.

"அதை அவரு எழுதுவாரு. எவ்வளவு பெருசா எழுதினாலும் இனி நமக்குத்தான் எழுதுறாரு, அண்ணாச்சி."