சரணடைந்த ரிப்பன்

கோவில்பட்டியில் பர்னிச்சர் கடை திறந்த தங்கப்பழம் அண்ணாச்சிக்குக் கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அந்தக் காலத்து ஐரோப்பியக் குதிரைவீரனின் வாளைப் போலவே செய்த அலங்கார வாள் ஒன்றை வரவழைத்தார். பிடியில் சிங்கமுகம், சிவப்புக் கல். பார்க்க ஜோர்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேச்சிக்கனி அதை விரலால் தடவிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது சொவத்துல மாட்டுறது. வாழைப்பழத்தக்கூட வெட்டாது."

"ரிப்பனக் கட்டுறது நீதான? வெட்டலைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத!"

வாள் பட்டதும் அவிழும்படி பேச்சிக்கனி ரிப்பனின் நடுவில் தளர்வாக ஒரு உருவுமுடிச்சுப் போட்டு, அது தெரியாமல் ரோஜாப்பூவைச் செருகினாள்.

மேளம் முழங்கியது. அண்ணாச்சி வாளைத் தலைக்குமேல் ஓங்கினார். அது இறங்குவதற்குள் காற்று அடித்து, முடிச்சு அவிழ்ந்து, ரிப்பன் தரையில் விழுந்தது. வாள் இன்னும் மேலேயே நின்றது.

விழாவுக்கு வந்திருந்த சேர்மன் குனிந்து ரிப்பனை எடுத்தார். "என்ன அண்ணாச்சி, வெட்டே விழலையே?"

அண்ணாச்சி பேச்சிக்கனியை முறைத்தார்.

"வாளப் பாத்ததும் அது சரணடைஞ்சிட்டு ஐயா," என்றாள் அவள். "சரணடைஞ்சவங்கள எங்க அண்ணாச்சி வெட்டமாட்டாக."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மேளச்சத்தம் அமுங்கியது. அண்ணாச்சிக்கே மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. வாளை இறக்கி அவள் கையில் கொடுத்தார்.

"சொவத்துல மாட்டும்மா. நாளைக்கு வெரசா வந்துரு."