மத்தி மீனும் பெரிய திருவடியும்

நூற்றைம்பது வருஷத்துக்கு முன் நாகப்பட்டினத்தில் வில்மாட் என்று ஒரு துரை இருந்தார். நோயாளிகளைப் பார்ப்பது அவருக்கு உத்தியோகம். பறவைகளைப் பார்ப்பதுதான் வாழ்க்கை. இந்தத் தேசத்து வேட்டைப் பறவைகளை எல்லாம் படமாக எழுதி ஒரு பெரிய புத்தகம் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பங்களாவின் பின்கட்டில் ஓர் ஓவியச்சாலை வைத்திருந்தார்.

அங்கே தலைமை ஓவியர் காளத்தி. வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் ஆராவமுது. வயது ஐம்பத்தெட்டு. சீடர் "வாத்தியாரே" என்பார், குரு "அண்ணே" என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

ஆராவமுது முப்பது வருஷம் பெருமாள் கோயில் சுவர்களில் படம் எழுதியவர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வரும். சுண்ணாம்பு அடிப்பார்கள். தான் எழுதியதன் மேலேயே அவர் மறுபடி எழுதுவார். எந்தச் சுவரிலும் அவர் பெயர் கிடையாது. துரையின் புத்தகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியவர் பெயரையும் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த வயதில் சீடராக வந்து சேர்ந்தார். ஒரே ஒரு படத்தின் கீழ் தன் பெயர் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை.

துரை அவருக்குக் கருடனைக் கொடுத்தார். கோயிலில் நூறு கருடன் எழுதியவருக்கு நூற்றியோராவது கருடன் வராதா என்பது துரையின் நினைப்பு. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் படத்தில் கருடன் ஒரு காலை மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

துரை அதை வெகுநேரம் பார்த்தார்.

"பறவைக்குக் கை ஏது, ஆராவமுது?"

"மன்னிக்கணும் தொரை. பழக்கதோஷம்."

இரண்டாவது படத்தில் கை இல்லை. செம்மண் நிற இறக்கை இருந்தது, நகம் இருந்தது, வளைந்த அலகு இருந்தது. வெள்ளைத் தலையில் நெற்றிக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றும் இருந்தது. இப்படி ஒரு கருடனை உலகத்தில் யாரும் கண்டதில்லையே என்று துரை குதித்தார். புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அன்றைக்கே சீமைக்குக் கடிதம் போட்டார். பிறகு ஒரு மாதம் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் கையுமாகக் கடற்கரையில் அலைந்தார். கோடு போட்ட கருடன் ஒன்றுகூட அகப்படவில்லை.

கடைசியில் ஆராவமுதைக் கூப்பிட்டார்.

"அந்தச் சிவப்புக் கோடு என்ன?"

"நாமம், தொரை," என்று ஆராவமுது தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "நெத்தி வெறுமனே இருந்தா நல்லாவா இருக்கும்?"

துரையின் முகம் அந்தக் கோட்டின் நிறத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புகிறது. அதற்குள் உள்ளது உள்ளபடி படம் வராவிட்டால் புத்தகம் கருடன் இல்லாமலே போகும், ஆராவமுது ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சுட்டு மேசையில் கிடத்தி எழுதச் சொல்லலாம் என்றால், கருடனைச் சுட ஊரில் ஒருவனும் சம்மதிக்கவில்லை. துப்பாக்கி தூக்கி வந்த ஆள் துப்பாக்கியோடு ஓடிப்போய் இரண்டு வாரமாகிறது.

ஆராவமுது குருவிடம் போனார்.

"வாத்தியாரே, பழகறதுக்காகப் பிணந்தின்னிக் கழுகை எழுதினேன். நீங்களே சபாஷ்னீங்க. வல்லூறை எழுதினேன், பக்கத்து வீட்டுக் கோழி பார்த்துட்டு ஓடுச்சு. பெரிய திருவடி மட்டும் ஏன் எனக்கு வரமாட்டேங்குறார்?"

கருடனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார் ஆராவமுது. பெருமாளைச் சுமக்கிறவர் என்பதால் பெரிய திருவடி என்றுதான் சொல்வார்.

"அவர் கண்ணு என்ன நிறம், அண்ணே?" என்று கேட்டார் காளத்தி.

ஆராவமுது யோசித்தார்.

"இறங்கறப்ப வாலை எப்படி வெச்சுக்குவார்?"

ஆராவமுது கையை விரித்தார்.

"தினம் பார்க்கிறீங்களே அண்ணே."

"பார்க்கிறேன். பார்த்த உடனே கன்னத்துல போட்டுக்குவேன்."

"அப்ப கண்ணு?"

"மூடிக்கும்."

"திறக்கிறப்போ?"

"போயிருப்பார்."

சொல்லிவிட்டு ஆராவமுது அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் தான் கருடனைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழுகை வந்தது. அழுதார்.

காளத்தி ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் அவரைக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே சின்னாத்தா என்ற மீன்காரியிடம் ஏதோ சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கூடை மத்தியைத் தூக்கி ஆராவமுதின் தலையில் வைத்துவிட்டாள்.

"ஐயையோ! நான் மீன் தொடறவன் இல்லை!"

"மீனைத் தொட வேணாம் அண்ணே. கூடையைப் பிடிச்சுக்குங்க, ரெண்டு கையாலயும். சந்தை வரைக்கும் போய் இறக்கிட்டு வந்துடுங்க."

"சாமி, கையை மட்டும் எடுத்துடாதீங்க," என்றாள் சின்னாத்தா. "இன்னிக்கு எங்க வீட்டு அடுப்பு உங்க தலை மேல இருக்கு."

நெற்றி நிறைய நாமம், தலை நிறைய மீன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. பெருமாளே பெருமாளே என்று ஆராவமுது நடந்தார். சின்னாத்தா கூடையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்னால் வந்தாள்.

பாதி வழியில், எதிரே, தென்னை உயரத்திலிருந்து கருடன் சரிந்து வந்தது.

ஆராவமுதின் வலது கை தன்பாட்டுக்குக் கன்னத்துக்குக் கிளம்பியது. கூடை சாய்ந்தது. "சாமீ!" என்று சின்னாத்தா போட்ட சத்தத்தில் கை திரும்பிப் போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டது. கை கன்னத்துக்கு வராததால் கண்ணும் மூட மறந்துவிட்டது.

ஆராவமுது பார்த்தார்.

கண் பழுப்பு நிறம். வெள்ளை மார்பில் மையால் கீறியதுபோல மெல்லிய கோடுகள். வாலை விசிறியாக விரித்து, மஞ்சள் கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு நேரே அவர் முகத்துக்கு வந்தது. அந்த முகத்தில் பக்தி இல்லை. கோபமும் இல்லை. நல்ல பசி இருந்தது. கூடையிலிருந்து ஒரு மத்தியை வாரிக்கொண்டு, இறக்கையை ஓர் அடி அடித்து மேலே போய்விட்டது.

ஆராவமுது சந்தையில் கூடையை இறக்கிவிட்டு, குளிக்கக்கூடத் தோன்றாமல் ஓவியச்சாலைக்கு ஓடினார். கூட வேலை செய்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் படம் முடிந்தது. கருடன் காகிதத்தை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. காலில் மத்தி, அதன் செதிலில் வெயில்.

துரை படத்தின் மேல் குனிந்து பார்த்தார். தன் பேனாவை எடுத்து ஆராவமுதின் கையில் கொடுத்து, படத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

ஆராவமுது பேனாவைப் பிடித்தபடி நின்றார். மை காய்ந்துபோயிற்று. "சாயங்காலத்துக்குள்ள போட்டுத் தர்றேன் தொரை," என்று சொல்லிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"வாத்தியாரே, என்னால ஆகாது."

"என்ன அண்ணே ஆகாது?"

"பெரிய திருவடி கால்ல மீனு. அதுக்குக் கீழ என் பேரு. ஊர்ல யாராவது பார்த்தா காறித் துப்பமாட்டானா? பெருமாளே கேட்டாலும் நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

"அப்ப பேரு போடாம குடுத்துடுங்க."

"பேரு போடறதுக்குத்தானே வாத்தியாரே இந்த வயசுல இங்க வந்தேன்!"

"வேற என்ன செய்யலாங்கிறீங்க?"

ஆராவமுது கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மீனை அழிச்சுட்டு அந்த இடத்துல ஒரு பாம்பை வெச்சுடறேன். பாம்புன்னா புராணத்துலயே இருக்கு, யாரும் கேக்கமாட்டாங்க. இல்லேன்னா ஒரு தாமரை மொட்டு."

"கருடன் தாமரை மொட்டு தின்னுமா?"

"திங்க வேணாம். சும்மா கையில வெச்சிருக்கிற மாதிரி."

"மறுபடியும் கையா?"

ஆராவமுது தலையைக் குனிந்துகொண்டார்.

காளத்தி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருடனைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.

"பெரிய திருவடியை எத்தனை வருஷமா கும்பிடறீங்க அண்ணே?"

"நினைவு தெரிஞ்ச நாளா."

"நைவேத்தியம் உண்டா?"

"இல்லாம? சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, சனிக்கிழமைன்னா வடை. ஒரு குறை வெச்சதில்லை."

"அவர் ஒரு நாளாவது நேர்ல வந்து எடுத்துக்கிட்டாரா?"

"அதெப்படி வருவார், வாத்தியாரே? வந்ததில்லை."

"முந்தாநாள் வந்தாரே. உங்க தலை மேலேருந்து தன் காலாலேயே எடுத்துக்கிட்டுப் போனாரே. அதை அழிச்சுட்டு, அவர் எடுத்துக்காத பாம்பை எதுக்கு அண்ணே போடறீங்க?"

ஆராவமுது படத்தை வாங்கி மேசையில் வைத்து, கீழே இருந்த வெற்றிடத்தைக் கையால் நீவினார். பிறகு மை எங்கே என்று கேட்டார்.