வனமயில் வாங்கிய ஐந்து மதிப்பெண்

பன்னிரண்டாம் வகுப்பு வனமயிலுக்கு ஆங்கிலம் வரவே வராது என்று ஆங்கில ஆசிரியர் தணிகைநாதன் பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பயிற்சியில் அவள் ஐந்துக்கு ஐந்து வாங்கிவிட்டாள். உடனே அவளைத் தலைமையாசிரியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“பார்த்து எழுதியிருக்கா, மேடம்! பத்தியில ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியலை. பதில் மட்டும் எப்படி வரும்? இவளைப் பரீட்சைக்கு அனுப்பக் கூடாது.”

வனமயில் அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், தமிழ்ல ஒரு வரி சொல்றேன். ‘டிங்கரி தன் மொலுப்பியை நிம்பரத்தில் தொளாவியது.’ டிங்கரி மொலுப்பியை எங்கே தொளாவியது?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? நிம்பரத்தில்!”

“சரியான பதில், சார். மொலுப்பின்னா என்ன?”

தணிகைநாதன் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

“நிம்பரம்னா?” என்றார் தலைமையாசிரியை.

“தெரியலை, மேடம்” என்றார் தணிகைநாதன்.

“அப்போ யாரைப் பார்த்துச் சொன்னீங்க, சார்?” என்று வனமயில் பணிவாகக் கேட்டாள்.

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு விடைத்தாளை அவளிடமே கொடுத்தார்.

“பதில் கண்டுபிடிக்க இவளே கத்துக்கிட்டா, சார். அர்த்தத்தையாவது நீங்க சொல்லிக் கொடுங்க.”