சூசையின் வாட்ச் எது?

பாதி வருஷம் மேகம் தரையில் படுத்துக் கிடக்கும் மலையூர் அது. வெயிலைப் பார்த்து மணி சொல்ல அங்கே யாராலும் முடியாது. அதனால் அந்த ஊரில் வாட்சுக்கு மதிப்பு அதிகம். வாட்ச் ரிப்பேர் செய்கிறவருக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மொகுதூம் அங்கே கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர். கடலைப் பார்த்து வளர்ந்தவர் எதற்காக மலையேறி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவரிடம் தொழில் படிக்க வந்த ஒரே சீடருக்கோ தலை முழுக்க நரை. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரிமுத்து. மகன் வயதுக்காரரைக் குருவாக்கி அவர் வாய் நிறைய ‘உஸ்தாத்’ என்று கூப்பிடுவதைக் கேட்டு ஊரே சிரித்தது. சவரிமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“கண்ணு தெரியுமா ஐயா?” என்று முதல் நாள் மொகுதூம் கேட்டார்.

“லென்ஸ் வெச்சா தெரியும், உஸ்தாத்.”

“கை நடுங்குமா?”

“மத்த நேரத்துல நடுங்கும். வாட்சைத் தொட்டா நடுங்காது.”

மொகுதூம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சேர்க்கை முடிந்தது.

தொழில் ஓரளவு கைக்கு வந்த பிறகு ஒரு நாள் சவரிமுத்து ஒரு பிஸ்கட் டப்பா கொண்டு வந்தார். உள்ளே சாவி கொடுத்து ஓட்டும் பழைய கைவாட்ச் இரண்டு. இரண்டும் ஓடவில்லை, வாரும் இல்லை. டயலில் கம்பெனிப் பெயர் மங்கி, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் மிச்சம். துரு பிடித்த இடம்கூட ஒரே மாதிரி.

மொகுதூம் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மிஷின். கூடப் பொறந்த மாதிரி இருக்கு.”

“வாங்கினவங்களும் கூடப் பொறந்தவங்கதான்” என்றார் சவரிமுத்து.

அவருடைய தாத்தா சூசை. சூசையின் தம்பி மிக்கேல். தங்கை கல்யாணத்துக்காக அண்ணனும் தம்பியும் ஒரே கடையில், ஒரே நாளில் ஆளுக்கொரு வாட்ச் வாங்கினார்கள். கல்யாணத்தன்று காலை பனியில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒன்று முந்திக் காட்டியது, ஒன்று பிந்திக் காட்டியது. எது சரி என்று கேட்க சூரியனும் இல்லை. அண்ணன் வாட்ச்தான் தப்பு என்றான் தம்பி. தம்பியுடையதுதான் தப்பு என்றான் அண்ணன். இருவரும் சேர்ந்து அதைத் தீர்த்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. தங்கை கழுத்தில் தாலி ஏறியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. கோயிலில் எதிரெதிர் ஓரத்தில் நின்றார்கள். ஒருவர் போகும் பந்தியில் மற்றவர் உட்காரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் இருவரும் குனிந்து மணி பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்களாம். மனுஷர்கள் இப்படியும் முப்பது வருஷம் இருக்கிறார்கள்.

மிக்கேல் செத்த அன்று சூசை அந்த வீட்டுக்குப் போனார். யாரையும் கேட்காமல் தம்பி கையிலிருந்த வாட்சைக் கழற்றிக்கொண்டு வந்தார். தன்னுடையதையும் கழற்றினார். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடியவர், பிறகு சாகும்வரை மணி பார்க்கவில்லை.

“இப்போ மிக்கேல் தாத்தாவோட பேத்தி கேக்குறா. அடைக்கலமேரி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றா. அவ தாத்தாவோடது அவளுக்கு. எங்க தாத்தாவோடது எனக்கு. மாத்திக் கொடுத்துட்டா மனசு ஆறாது உஸ்தாத்.”

“உங்க தாத்தாவோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

சவரிமுத்து கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“சத்தத்தை வெச்சு. சின்னப்புள்ளையில தாத்தா கைமேல தலை வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். காதுக்கு அடியில ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு அடி அழுத்தமா விழும், அடுத்தது மெத்துன்னு விழும். நொண்டி நடக்கிற மாதிரி. அதைக் கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும்.”

“நொண்டினா அதைச் சரி பண்ணணுமே ஐயா.”

“வேணாம் உஸ்தாத். அழுக்கை எடுங்க. நொண்டியை விட்டுடுங்க.”

மொகுதூம் சிரிக்கவில்லை. கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்னத் தட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“நீங்களே பிரிங்க. ஒரு தட்டுல ஒரு வாட்ச்தான். அது ஓடினதுக்கு அப்புறம்தான் அடுத்ததைத் தொடணும்.”

“ஏன் உஸ்தாத்?”

“ஒரே மாதிரி ரெண்டு கலந்துட்டா, செஞ்சவன் வந்தாலும் பிரிக்க முடியாது.”

சவரிமுத்து தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வெள்ளிக்கிழமை மொகுதூம் ஜும்ஆ தொழுகைக்குப் போனார். முதல் வாட்சைப் பிரித்து, பெட்ரோலில் அலசி, தட்டில் காய வைத்திருந்தார் சவரிமுத்து. காய்வதற்கு நேரம் ஆகும். மனசுக்கு அவ்வளவு நேரம் இல்லை. இது தாத்தாவுடையது இல்லை, அதுதான் என்று உள்ளே அரித்தது. உடனே, அது இல்லை, இதுதான் என்று அரித்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதாவது வித்தியாசம் தெரியும் என்று தோன்றியது. இரண்டாவது வாட்சையும் பிரித்தார். அலசினார். தட்டின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பரப்பினார். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கே சந்தோஷம்.

அப்போது மேகம் கடைக்குள் வந்தது. அந்த ஊரில் அது கேட்டுக்கொண்டு வருவதில்லை. சுவர்க் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சத்தம் மட்டும் இருந்தது. சவரிமுத்துவின் கண் செருகியது.

தேயிலைக்கு நடுவே பாதை. இரண்டு பேர் முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் முகம் இல்லை, முதுகு மட்டும்தான். ஒருவர் கேட்டார்: “மணி என்னடா மிக்கேலு?” மற்றவர் சொன்னார்: “உன்னோடதுல என்ன காட்டுது, அதைச் சொல்லு.” பிறகு இருவரும் சிரித்தார்கள். சவரிமுத்து பின்னாலேயே ஓடினார். எவ்வளவு ஓடியும் அவர்கள் அதே தூரத்தில்தான் நடந்தார்கள்.

கண் விழித்தபோது கன்னம் கையின் மேல் இருந்தது. கை தட்டின் மேல் இருந்தது. சாக்பீஸ் கோடு சட்டைக் கையில் ஒட்டியிருந்தது. சக்கரமும் திருகும் முள்ளும் தட்டின் ஓரத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன.

மொகுதூம் திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். சீடரின் தூக்கம் கலையாத முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

“சொப்பனத்துல யாரு வந்தா?”

சவரிமுத்து சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த வயதில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுவது அவருக்கு அவமானமாக இருந்தது. அதனால் இன்னும் அழுதார்.

“இனிமே எங்க தாத்தாவோடது எதுன்னு எனக்குத் தெரியப்போறதே இல்ல.”

மொகுதூம் அடுப்பு மூட்டி டீ போட்டார்.

டீயைக் குடித்து முடித்ததும் சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். “உஸ்தாத், அவகிட்ட ஒண்ணும் சொல்லாம, ஏதோ ஒண்ணைக் கொடுத்துட்டா என்ன?”

“கொடுக்கலாமே. எதைக் கொடுப்பீங்க?”

சவரிமுத்து தட்டில் கிடந்த குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டையும் திரும்பச் சேர்த்துப் பூட்டுங்க” என்றார் மொகுதூம்.

“எது எதோடதுன்னு தெரியாமலா?”

“கைக்கு வர்றதை எடுங்க. பொருந்துதான்னு மட்டும் பாருங்க.”

எல்லாமே பொருந்தியது. சவரிமுத்துவை அதுதான் அதிகம் வருத்தியது. ஏதாவது ஒரு சக்கரம் முரண்டு பிடித்து, நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுகூடச் சொல்லவில்லை. சனிக்கிழமை பொழுது சாயும்போது இரண்டு வாட்சும் ஓடின.

சவரிமுத்து ஒன்றைக் காதில் வைத்தார். பிறகு மற்றதை வைத்தார். மறுபடி முதலாவதை வைத்தார்.

“என்ன ஐயா?”

“ரெண்டுமே லேசா நொண்டுது உஸ்தாத்.”

மொகுதூம் விளக்கை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அடைக்கலமேரி வந்தாள். முக்காட்டில் பனி முத்து முத்தாக நின்றது. சவரிமுத்து அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டார். கோடு போட்டதையும் தூங்கியதையும் மறைக்கவில்லை. அவள் முகம் இறுகியது.

“எங்கம்மா சாகும்போதும் அந்த வாட்சைத்தான் கேட்டுச்சு, அண்ணே. உங்க வீட்டு வாசல்ல வந்து கேக்க அதுக்கு ரோசம். நான் ரோசத்தை விட்டுட்டு வந்திருக்கேன். நீங்க தூங்கிட்டேன்னு சொல்றீங்க.”



மொகுதூம் இரண்டு வாட்சையும் ஒரு துணியில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினார். அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். மற்றதை இன்னொரு காதில் வைத்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்குள் மேகம் வந்து, அவள் இருந்த இடம் மங்கலாயிற்று. உள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. கோபம் அதில் குறைந்திருந்தது.

“எங்க தாத்தாவோடது ஒரு திருகுகூட அண்ணன் வாட்சுல இருக்க வேணாம் பாய். சூசை தாத்தாவோடது ஒண்ணுகூட எங்களோடதுல வேணாம். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. உங்களால பிரிச்சுக் கொடுக்க முடியாதா?”

மொகுதூம் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“எங்க ஊர் கல்யாணத்துல ஆளுக்கு ஒரு இலை கிடையாது அக்கா. பெரிய தட்டுல சோறு வரும். சஹன்னு சொல்லுவோம். ரெண்டு மூணு பேரு சுத்தி உட்கார்ந்து அதுலயே கை வெச்சுச் சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு நடுவுல ஒருத்தரையும் எழுப்ப மாட்டோம்.”

அவர் துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

“உங்க ரெண்டு பேரு தாத்தாவும் இப்பத்தான் ஒரே தட்டுல உட்கார்ந்திருக்காங்க. நான் போய் எழுப்பவா?”