மிச்சக் கதை

பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருடம் அறுவை சிகிச்சை செய்து ஓய்ந்த டாக்டர் சங்கரபாண்டியன், குடும்ப வைத்தியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தென்காசிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் வந்து சேர்ந்தார். குருவான டாக்டரம்மா பாத்திமுத்து இவரைவிடப் பத்து வயது இளையவர். அதுகூட இவருக்கு உறுத்தவில்லை. நர்ஸ் மரிய புஷ்பம்தான் உறுத்தினார்.

நோயாளி வந்து உட்கார்ந்ததுமே, "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, வீட்ல யாரு இருக்கா" என்று புஷ்பம் ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நீங்க ஊசி போட்டாப் போதும் சிஸ்டர்" என்று எல்லோர் முன்னாலும் வெட்டினாற்போல் சொல்லிவிட்டார். அதோடு புஷ்பம் வாயை மூடிக்கொண்டார். கேட்டதற்கு மட்டும் பதில். அந்த அமைதியும் டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், கிளம்பிக்கொண்டிருந்த குருவை வாசலிலேயே மறித்தார்.

"அம்மா, ஒரு நோயாளிக்கு ரெண்டு பேர் எதுக்கு? பொறுப்பு சிஸ்டரோடதா, என்னோடதா? எனக்கு இன்னைக்கே தெரியணும்."

பாத்திமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு கதை சொல்லுதேன் சார். ஒருத்தருக்கு சர்க்கரை ஏறிப்போச்சு. சாயங்காலம் வீட்ல போட்டுக்கிடுத ஊசியை டாக்டர் கூட்டி எழுதினாரு. அவரும் தலையாட்டிட்டுப் போனாரு."

"அப்புறம்?"

"மிச்சத்தைப் புஷ்பத்துகிட்ட சொல்லியிருக்கேன்."

குரு போய்விட்டார். சங்கரபாண்டியனுக்குச் சோறு இறங்கவில்லை. இது என்ன விளையாட்டு? அந்த ஆள் பிழைத்தாரா இல்லையா? போயும் போயும் அந்த நர்ஸம்மாவிடமா கேட்பது? அறைக்குள் நடந்தார். உட்கார்ந்தார். மறுபடி நடந்தார். ஊசி அறை வரை போய், தண்ணீர் குடிக்க வந்தவர்போல் திரும்பி வந்தார். வீம்பு அவரை நன்றாகவே ஆட்டி வைத்தது.

சாயங்கால நோயாளிகள் வர ஆரம்பித்தபோது, தாங்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"சிஸ்டர், டாக்டரம்மா உங்ககிட்ட ஒரு கதை சொன்னாங்களாமே?"

புஷ்பம் பஞ்சு சுருட்டுவதை நிறுத்தவில்லை. "அரைக் கதைதான் சார். ஒருத்தரு சம்சாரம், மக பிரசவத்துக்குப் போயிருக்கு. ராத்திரி அவருக்கு டீயும் பன்னும்தான். சில நாள் அதுவும் கிடையாதுன்னாங்க. கதை என்ன கதை, நம்ம பூக்கடை சுடலைமுத்து அண்ணாச்சிதான். காலையில என்கிட்ட அவரே சொன்னாரு."

"சுடலைமுத்தா? அவருக்குக் காலையிலதானே ஊசியைக் கூட்டினேன்!"

புஷ்பத்தின் கை நின்றது. "கூட்டினீங்களா? எனக்குத் தெரியாதே."

"சாப்பிடலைன்னு நீங்க ஏன் சொல்லலை?"

"ஊசி போட்டாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

அதற்குமேல் சண்டை போட நேரமில்லை. வெறும் வயிற்றில் அந்த ஊசி ஏறினால் சர்க்கரை தாழ்ந்து, தூங்குகிற ஆள் எழுந்திருக்காமலே போகலாம். போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. வீடு டாக்டருக்குத் தெரியாது. புஷ்பம் ஸ்கூட்டரைக் கிளப்பினார், டாக்டர் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவருக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வீட்டில் சுடலைமுத்து தரையில் சம்மணமிட்டு தோசை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பாத்திமுத்து சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். ஊசி இன்னும் போடவில்லை.

சங்கரபாண்டியன் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு கோபம் வந்தது.

"உங்களுக்கு எல்லாமே தெரியும், இல்லையாம்மா?"

"தெரியும் சார். ஊசியைக் கூட்டினதை நீங்க எங்கிட்ட சொன்னீங்க. பன் சமாச்சாரத்தை சிஸ்டர் எங்கிட்ட சொன்னாங்க."

"அப்போ மத்தியானமே முழுசாச் சொல்லியிருக்கலாமே! எதுக்கு எங்களை இப்படி ஓடவிட்டீங்க?"

பாத்திமுத்து இன்னொரு தோசையை எடுத்து இலையில் வைத்தார்.

"சொல்லியிருக்கலாம். இவரு கதை எனக்குத் தெரியும். நாளைக்கு வரப்போறவரு கதை எனக்குத் தெரியாதே சார்."